ஆராய்ச்சி மாணவருக்கும் ஒரு பருவம் கிராமவாசம் வேண்டும்

வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், டாக்டர் பட்டத்துக்கான ஆய்வு என்று கூறி உங்கள் வயலில் 10 சென்ட் இடம் கேட்கலாம். அறுவடை எடையைக் குறித்துக்கொண்டு போனவர் பிறகு எட்டிப் பார்ப்பது அரிது. முடிவு என்னவாயிற்று என்பது இடம் கொடுத்த உழவருக்குப் பல நேரங்களில் தெரிவதே இல்லை.

இது மாணவரின் குற்றம் அன்று. அவரைத் தயார் செய்யும் முறையில் உள்ள குறை. இளநிலை மாணவர்கள் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் கிராமத்தில் தங்கி உழவரோடு பழகுகிறார்கள். டாக்டர் பட்ட மாணவரோ பாடங்களை முடித்த கையோடு ஆய்வுத் தலைப்பைத் தேடுகிறார். கிடைப்பது பெரும்பாலும் பேராசிரியரின் பழைய ஆய்வின் மிச்சம். நெல்லுக்குத் தழைச்சத்தை 4 அளவுகளில் இட்டுப் பார்ப்பது போன்ற தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. சோதனையை ஒழுங்காக நடத்துவார், பட்டமும் பெறுவார். ஆனால் கேள்வியைத் தாமே கண்டுபிடிக்கக் கற்றிருக்க மாட்டார்.

கேள்விகள் வயலில்தான் கிடக்கின்றன. மாதத்துக்கு ஒரு வாரம் என்பது நாற்றின் வயதுக் கணக்கு. 4 மாத நெல்லுக்கு 4 வார நாற்று. காவிரிக் கடைமடையில் தண்ணீர் பிந்தினால் நாற்று 6 வாரம் ஆகிவிடுகிறது. தூர் குறையும் என்று அறிந்த உழவர் குத்துக்கு நாற்றைக் கூட்டி, நெருக்கி நடுகிறார். எத்தனை நாற்று, எவ்வளவு நெருக்கம், முதல் மேலுரம் எப்போது? ஒவ்வொரு புது இரகத்துக்கும் இவற்றைப் புதிதாகக் கேட்க வேண்டும். நடவு நாளில் வரப்பில் நின்றவருக்குத்தான் இது தோன்றும்.

ஆகவே, தலைப்பு முடிவாகுமுன் மாணவர் ஒரு பருவம் முழுவதும் கிராமத்தில் தங்க வேண்டும். சிறு சோதனை ஒன்றைத் தாமே திட்டமிட்டு, நாற்றங்கால் முதல் களத்து எடை வரை தாமே செய்ய வேண்டும். பேராசிரியர் குறுக்கிடாதிருப்பது நல்லது. அப்போது தவறினால் பாடம்; தலைப்பு முடிவான பின் தவறினால் ஓராண்டு வீண்.

தவறுவது எளிது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பாத்தியை உரமிடாமல் விட்டிருப்பார். பயிர் வெளுத்து நிற்கும். வீட்டு அம்மாளுக்கு மனம் பொறுக்காமல் ஒரு பிடி யூரியாவை வீசிவிடுவார். அந்தப் பாத்தியின் எடை அத்தோடு பயனற்றது. பாவம், அவரிடம் யாரும் காரணத்தைச் சொல்லவில்லையே! இன்னோரிடத்தில் வாய்க்கால் ஓரத்துச் செழித்த பாத்திகளுக்கே புது உரம் போயிருக்கும். கூடுதல் விளைச்சல் உரத்தாலா, மண்ணாலா என்று எப்படிச் சொல்வது? எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் முடிவு செய்யும் முறையை 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.ஏ. ஃபிஷர் வகுத்தது இதற்காகவே. மாணவர் இதை வகுப்பில் படித்திருப்பார். வயலில் ஒருமுறை ஏமாந்த பின்புதான் உழவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லக் கற்பார்.

உழவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. உரமிடாத பாத்தியில் குறையும் நெல்லுக்கு ஈடு என்ன, முடிவை எப்போது வந்து சொல்வீர்கள் என்று இடம் கொடுக்குமுன்பே கேளுங்கள். மாணவர் விழித்தால், வழிகாட்டிப் பேராசிரியரை அழைத்து வரச் சொல்லுங்கள்.