பிக்கப்பை மாற்றுமுன் காதைக் கேளுங்கள்

மூன்று மாதங்கள் வார இறுதியில் உணவகத்தில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த 180 வெள்ளியை என் மின்கித்தாருக்குப் புதிய பிக்கப் வாங்கச் செலவிட்டேன். அதைப் பொருத்திய பிறகு நடந்த முதல் ஒத்திகையில் எங்கள் பாடகியின் குரலே கேட்கவில்லை. அம்மாவிடம் அதன் விலையைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நண்பர்கள் நால்வர் சேர்ந்து தமிழ்ப் பாடல்களை வாசிக்கிறோம். என் கித்தாரின் ஒலி மந்தமாக இருந்ததால் பிக்கப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஒன்றில் 8 கிலோ ஓம், மற்றொன்றில் 16 கிலோ ஓம் என்று போட்டிருந்தது. பெரிய எண்தான் சிறந்தது என்று எண்ணி வாங்கிவிட்டேன்.

பள்ளியில் படித்த மின்காந்தத் தூண்டலை அப்போது நினைத்துப் பார்த்திருக்கலாம். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சூழ்ந்த பல ஆயிரம் சுற்று மெல்லிய செப்புக் கம்பியும்தான். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. சுற்றுகள் கூடினால் ஒலி வலுக்கும். ஆனால் அதன் கூர்மை குறைந்து, நடு ஒலி தடித்துவிடும். பாடகரின் குரலும் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. இரண்டும் மோதியதில் குரல் அமுங்கிப்போனது.

கித்தார் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். "பழைய பிக்கப்போட உயரத்தை மாத்திப் பார்த்தியா தம்பி?" என்று கேட்டார். நான் விழித்தேன். அவர் பழையதையே மீண்டும் பொருத்தி, திருகாணிகளைத் திருப்பி, தடித்த தந்திகளின் பக்கம் சற்று இறக்கினார். மந்தம் பெரிதும் விலகியது. காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் ஒலி குழம்பும், சுருதியும் கெடும் என்று விளக்கினார்.

பிக்கப்பை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் மின்சாரத்தின் ரீங்காரம் கேட்கும். உயரத்தை மாற்றினால் அது போகாது. கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955ல் இதற்காகவே ஹம்பக்கரை உருவாக்கினார். எதிரெதிராக அமைந்த அதன் இரு சுருள்களும் இரைச்சலை ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. இப்படித் தெளிவான காரணம் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

"என் காசு, பட்டுத் தெரிந்துகொள்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதிகம் காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்துவிடுங்கள். புதிய தந்தி போடுங்கள், பிக்கப்பின் உயரத்தையும் ஆம்பின் அமைப்பையும் மாற்றிப் பாருங்கள். தனியாக அல்லாமல் குழுவோடு வாசித்துக் கேளுங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால், அது என்ன குறை என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் கடைக்குப் போக இன்னும் நேரம் வரவில்லை.

நான் வாங்கிய பிக்கப்பை நடந்ததைச் சொல்லியே கல்லூரித் தம்பி ஒருவனுக்குப் பாதி விலைக்கு விற்றேன். அவன் ஹெவி மெட்டல் வாசிப்பவன். அவன் கித்தாரில் அது அருமையாக ஒலிக்கிறது.