வேலை கொடுத்த மன்னரால் வீடு கொடுக்க முடியவில்லை

சென்ற வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பி பேசினார். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. சிதம்பரத்தில் தங்கித் தமிழ் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க இரண்டாண்டு ஒப்பந்தத்தில் போனார். வருகிற ஆகஸ்டில் அது முடிகிறது. "அண்ணே, சிதம்பரத்துல ஒரு வீடு பாத்து வைங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கெடச்சா பாருங்க" என்று சேர்த்துக்கொண்டார். வெளிநாட்டில் போய்ப் பேராசிரியர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்த ஒருவர், தான் பத்து வருஷம் படித்த ஊரில் வீடு கேட்கும்போது ஏன் இப்படிக் குரல் தாழ்கிறது? அதைத்தான் இங்கே பேச வேண்டும்.

அங்கே அவர் வீடு தேடிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு வாரம் அலைந்திருக்கிறார். மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், கடன் பாக்கி இல்லை என்ற சான்று கேட்கிறார்கள், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் கடிதம் கேட்கிறார்கள். நேற்று விமானத்தில் வந்து இறங்கியவரிடம் இதெல்லாம் எங்கே இருக்கும்? காலி வீடு என்றால் பல இடங்களில் அடுப்பு மேடைகூட இல்லாத வெறும் வீடாம். முன்பு இருந்தவர் சமையலறையையே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். மின்னஞ்சல் போட்டுப் போட்டுப் பார்த்தும் பதில் இல்லை. உடன் வேலை பார்க்கும் ஜெர்மன்காரப் பெண் ஒருவர் அதே வீட்டுக்குத் தன் பெயரில் எழுதிப் பார்த்தார். அன்று மாலையே பதில் வந்துவிட்டது.

இது இவர் ஒருவருக்கு நேர்ந்தது அல்ல. 2017இல் ஜெர்மன் ஊடக நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து, ஜெர்மன் பெயர்களிலும் வெளிநாட்டுப் பெயர்களிலும் ஏறத்தாழ 20,000 விண்ணப்பங்களை வாடகை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தன. துருக்கிப் பெயரும் அரபுப் பெயரும் வைத்தவர்களுக்குக் கதவு குறைவாகவே திறந்தது. 2006இலிருந்து அங்கே ஒரு சமநடத்தைச் சட்டம் இருக்கிறது. இனத்தைக் காரணம் காட்டி வாடகைக்கு வீடு மறுக்கக் கூடாது என்கிறது. வீட்டுக்காரரும் அதே வளாகத்தில் குடியிருந்தால் விலக்கு உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே வெள்ளைக்காரர் நாடு சொர்க்கம் என்று நான் எழுத வரவில்லை.

நடுவில் ஒரு தமிழ்க் குடும்பம் அறை தருவதாகச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போய் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள். தொலைபேசியில் மகிழ்ச்சியாகத்தான் பேசியிருக்கிறார்கள். தமிழ் வாத்தியார் வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகள் நாலு எழுத்து கற்றுக்கொள்ளும் என்றுகூடச் சொன்னார்களாம். பிறகு ஊர் எது என்று கேட்டார்கள். கிராமத்தின் பெயரைச் சொன்னார். ஊரில் எந்தத் தெரு? சொன்னார். அப்பா என்ன செய்கிறார்? நடவு, அறுப்பு, கூலி வேலை என்றார். மறுநாள் காலையில், மனைவியின் தம்பி திடீரென்று வருவதால் அறை காலியில்லை என்று செய்தி வந்தது. மைனஸ் இரண்டு டிகிரியில் டிராம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது அதைப் படித்தாராம். "குளிரே தெரியலண்ணே" என்றார்.

கடைசியில் வீடு கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஜெர்மன்காரர். இரண்டு கேள்விதான் கேட்டிருக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் பாட்டு வைப்பீர்களா? குப்பையை ஒழுங்காகப் பிரித்துப் போடுவீர்களா? "எங்கிட்ட ஒரு வீட்டுக்காரங்க கேட்ட மொத நியாயமான கேள்வி இதுதான்" என்று சொல்லிச் சிரித்தார் தம்பி.

அவர் சிரித்தபோது எனக்கு அண்ணல் அம்பேத்கரின் நினைவு வந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் போனார் அவர். கொலம்பியாவில் படித்த காலத்தில் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு ஒரே அறையில் இருந்தார். பிறகு லண்டன். உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்படி 1917இல் பரோடாவுக்கு வந்தார். ரயிலை விட்டு இறங்கியதும் எழுந்த கேள்வி, எங்கே தங்குவது என்பதுதான். வெளிநாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தன்னைவிட்டுப் போயிருந்தது என்று பின்னாளில் எழுதினார். பரோடாவில் வண்டியை எங்கே விடச் சொல்வது என்று யோசித்த அந்த நொடியில் அந்த நினைப்பு திரும்பி வந்துவிட்டது.

இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். பார்சி சத்திரம் ஒன்றில் கேட்டார். பார்சிகளுக்கு மட்டும்தான் என்றார் காவலாளி. பேசிப் பார்த்ததில், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதினால் தங்கிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். உணவும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை ரூபாய். தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்து, வௌவால் பறக்கும் மாடி. அரிக்கேன் விளக்கு ஒன்று. அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர், பகலில் அரசு அலுவலகத்துக்குப் போய்விட்டு இரவில் அந்த இருட்டில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நின்றார்கள். மாலைக்குள் காலி செய்யாவிட்டால் நடப்பதே வேறு என்றார்கள். அரசு பங்களா கேட்டு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார். அந்தக் கோப்பு இன்னும் நகர்ந்தபாடில்லை. இரண்டு நண்பர்களிடம் போனார். நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் இந்து நண்பர். மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் கிறிஸ்தவ நண்பர். அந்தக் கணவன் மனைவி இருவருமே பார்ப்பனச் சாதியிலிருந்து மதம் மாறியவர்கள். பம்பாய் ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார் அம்பேத்கர். பதினெட்டு வருஷம் கழித்து இதை எழுதும்போதும் கண்ணீர் வருவதாகச் சொல்கிறார்.

மன்னர் பெரிய மனிதர். அதில் எனக்கு ஐயமில்லை. உதவித்தொகை கொடுத்தார், வேலை கொடுத்தார். ஆனால் தன் தலைநகரத்தில், தன் அலுவலருக்கு, ஒரு கூரையைக் கொடுக்க அவரால் முடியவில்லை. வேலை அரசாங்கத்திடம் இருந்தது. வீடு சாதியிடம் இருந்தது.

இன்றும் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். மூன்றில் ஒருவர் என்று சொல்லிவிடலாம். பல்கலைக்கழகம், நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், மின்வாரியம், வங்கி என்று எல்லா இடத்திலும் இட ஒதுக்கீட்டில் வந்த நம் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். இவர்களில் எத்தனை பேர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் நான்கு வீதிகளைச் சுற்றியோ தங்கள் சாதியைச் சொல்லிவிட்டு வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்? சொல்லாமல் குடியிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

எனக்கே நடந்தது. கடலூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு பார்த்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று மோர் கொடுத்தார். வாடகை பேசினோம், அட்வான்ஸ் பேசினோம், தண்ணீர் எப்போது வரும் என்றுகூடப் பேசினோம். "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்? ஊரா, காலனியா?" என்றார். காலனி என்றேன். வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது, முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். நான்கு மாதம் அந்த வழியாகத்தான் அலுவலகம் போனேன். வெள்ளையும் அடிக்கவில்லை, 'வீடு வாடகைக்கு' என்ற பலகையும் இறங்கவில்லை. அந்தத் தம்ளரை என்ன செய்தார்களோ என்று இன்றும் சில நாள் யோசிப்பேன்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். கேள்வி கேட்பவர்கள் வேறு சொல் கண்டுபிடிப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். குலதெய்வம் எது, கல்யாணம் எந்த ஊரில், வீட்டில் கவுச்சி சமைப்பீர்களா என்று இப்போதே நாலைந்து சொல் தயாராக இருக்கிறது. சைவம் மட்டும் என்ற பலகையைப் பார்த்து, அது சாப்பாட்டைப் பற்றியது என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

இதற்கெல்லாம் நம் ஆட்கள் செய்துகொண்ட ஏற்பாடு என்ன தெரியுமா? பார்சிப் பெயர் எழுதுவதுதான். எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஆறு வருஷம் சிதம்பரத்தில் அம்பேத்கர் படத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு குடியிருந்தார். ஊரிலிருந்து அம்மா வந்தால் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட விடமாட்டார், பேச்சில் தெரிந்துவிடும் என்று. ஏப்ரல் 14 அன்று பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டு, கேட்டால் தமிழ்ப் புத்தாண்டு என்று சொல்லச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவரைக் கோழை என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். இன்று திட்டமாட்டேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் ஒரு வீடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். தொலைபேசியில் வீடு கேட்ட தலித்துகளில் 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம்களில் 31 விழுக்காட்டினருக்கும் நேரடியாகவே மறுப்பு. இன்னும் பலருக்கு வாடகை அதிகம், நிபந்தனை அதிகம். அதே வீடுகளுக்கு உயர்சாதிப் பெயரோடு கேட்டவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தமிழ்நாட்டில், அதுவும் பல்கலைக்கழக ஊர்களில், இப்படி ஒரு சோதனையை ஏன் எந்தச் சமூகவியல் துறையும் செய்யக் கூடாது? ஒரு கைபேசியும் நான்கு மாணவர்களும் போதுமே.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் தடை செய்வதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். வெள்ளையடிக்க வேண்டும் என்று சொன்ன வீட்டுக்காரர் தீண்டாமையால்தான் மறுத்தார் என்று எந்தக் காவல் நிலையத்தில் போய் நிரூபிப்பது? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குடியிருக்கும் வீட்டைவிட்டு விரட்டினால் பிடிக்கும். வீட்டுக்குள்ளேயே விடாதவரை அது எப்படிப் பிடிக்கும்? நீதிமன்றத்தை நம்பலாம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த விதி செல்லும் என்று 2005இல் தீர்ப்பு வந்தது. பரோடா சத்திரத்துக்கு 88 வருஷம் கழித்து, அதே குஜராத்தில்.

தமிழ்நாடு அரசு 2017இல் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். (ஜெர்மனியிலும் முன்பணத்துக்கு மூன்று மாதம்தான் உச்சவரம்பாம். அதில் மட்டும் ஒற்றுமை.) சாதியையும் மதத்தையும் காரணமாக வைத்து வாடகைக்கு மறுக்கக் கூடாது என்ற ஒரு வரிக்கு அதில் இடமில்லாமல் போய்விட்டது. அமெரிக்காவில் 1968இலேயே வீட்டு வாடகையில் நிறப்பாகுபாட்டைத் தடை செய்தார்கள். சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டையே பெயர் சொல்லித் தடை செய்தது, வாடகை வீடும் அதில் அடக்கம். சாதி இங்கிருந்து கப்பலேறிப் போன சரக்கு. அது இறங்கிய துறைமுகத்தில் சட்டம் இருக்கிறது, ஏற்றிவிட்ட துறைமுகத்தில் இல்லை.

அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி நம் இயக்கங்கள் கேட்க வேண்டும். மறுக்கப்பட்டவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். வேறு காரணத்துக்காகத்தான் மறுத்தேன் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும். வெறும் சட்டத்தால் மனம் மாறுமா என்று கேட்பார்கள். மனம் மாறுவதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எங்களுக்கு வீடு வேண்டும். அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரிலேயே அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் வைத்து நம் பிள்ளைகளை அனுப்புகிறது. படித்துவிட்டுத் திரும்பி வருகிற பிள்ளை எந்தச் சத்திரத்தில் எந்தப் பெயரை எழுதும் என்பதும் அந்தத் திட்டத்தைச் சேர்ந்த விஷயம்தான்.

சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது சிதம்பரத்தில் ஓமக்குளத்தங்கரையில்தான் இடம் பிடித்தார். அந்த விடுதியில் தங்கிப் படித்துத்தான் எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் தலையெடுத்தன. மற்றவர்கள் வாடகைக்குத் தராத ஊரில் நாமே கட்டிக்கொள்வது ஒரு வழி. நூறு வருஷம் கழித்தும் அது ஒன்றுதான் வழி என்றால் எப்படி?

தம்பிக்காக இதுவரை மூன்று வீடு பார்த்துவிட்டேன். முதல் வீட்டில் புரோக்கரே, "சார், அவங்க கேப்பாங்க, நீங்க என்ன சொல்லட்டும்னு சொல்லுங்க" என்றார். உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து அந்த வீடு முடிந்துவிட்டது என்றார். இரண்டாவது வீட்டில் வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றதும் வாடகையை ஏற்றினார்கள், ஊரைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது வீட்டம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.