தடாகத்தோடு வீடு வாங்குபவர் யாரைக் கூட்டிப்போக வேண்டும்?

காணி வாங்கப் போனால் முதலில் உறுதியைப் பார்ப்போம். அடுத்ததாகக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்ப்போம். நல்ல தண்ணீரா உவரா என்பதை நாக்கே சொல்லிவிடும். யாழ்ப்பாணத்தில் இதை யாரும் எமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் இப்போது விலைக்கு வரும் சில வீடுகளில் கிணற்றுக்குப் பக்கத்தில் நீச்சல் தடாகமும் இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்பது எம்மில் அநேகருக்குத் தெரியாது. நீல நிற டைல்ஸும் தெளிந்த தண்ணீரும் கண்ணில் பட்டால் போதும், திருப்தியோடு திரும்பி விடுகிறோம்.

அண்மையில் எனது நண்பர் ஒருவர் நல்லூர்ப் பக்கம் அப்படியொரு வீட்டுக்கு விலை பேசினார். அவர் ஹாட்வெயார் வியாபாரி. விருந்தினர் விடுதி நடத்துவது அவரது எண்ணம். வீட்டுக்காரர் வெளிநாட்டில், தரகரும் சாவி வைத்திருந்தவரும்தான் வீட்டைக் காட்டினார்கள். தடாகம் எப்படி என்று கேட்டதற்கு, மோட்டர் பூட்டியவர் போன மாதம்தான் வந்து பார்த்து எல்லாம் சரி என்று சொன்னார் என்றார்கள்.

மோட்டரை விற்றவரே மோட்டர் நல்லது என்று சொன்னால் அதற்கு என்ன பெறுமதி? எமது கடைத் தராசை நாமே சரி என்று சொன்னால் யாரும் ஏற்பதில்லை. வேறொருவர் வந்து படி வைத்துப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். ஐந்து கிலோ சீனி நிறுக்கும் தராசுக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, பிள்ளைகள் இறங்கிக் குளிக்கும் தடாகத்துக்கு இல்லை. இந்த வேலையைத் தனியான தொழிலாகச் செய்பவர்கள் வேண்டும், அவர்களுக்குத் தனியாகக் கூலி கொடுக்க நாம் பழக வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம்.

நண்பர் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளரை வரவழைத்தார். வந்தவர் முதலில் கேட்டது ஒரு வெறும் வாளி. அதில் தடாகத் தண்ணீரை நிரப்பி, தடாகத்தின் படியில் வைத்து, வாளிக்குள் ஒரு கோடும் வெளியே தடாக மட்டத்தில் ஒரு கோடும் போட்டார். வெயிலும் காற்றும் இரண்டு நீரையும் ஏறக்குறைய ஒரேயளவுதான் குடிக்கும். மறுநாள் வெளிக்கோடு உட்கோட்டைவிட அதிகம் இறங்கியிருந்தால் மிச்சம் ஒழுக்கு. மோட்டரை ஓடவிட்டு ஒரு நாள், நிறுத்தி ஒரு நாள் என்று இரண்டு தடவை பார்த்தால், ஒழுக்கு குழாயிலா தொட்டியிலா என்பதும் ஓரளவு பிடிபடும். செலவில்லாத பரிசோதனைதான். ஆனால் வீடு விற்கும் அவசரத்தில் இருப்பவர் இரண்டு நாள் காத்திருக்கச் சம்மதிப்பாரா என்பது வேறு விடயம்!

கணக்கையும் பாருங்கள். 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமான தடாகம் 75,000 லீற்றர் கொள்ளும். கூரையில் வைக்கும் ஆயிரம் லீற்றர் தாங்கியில் எழுபத்தைந்து. அதில் நாளொன்றுக்கு இரண்டு சென்ரிமீற்றர் இறங்கினால் ஒரு தாங்கித் தண்ணீர் போய்விட்டது. சோளகம் வீசும் மாதங்களில் அரை சென்ரிமீற்றர் அளவில் ஆவியாகப் போகலாம். மிச்சம் 750 லீற்றர் மண்ணுக்குள். அதை ஈடுசெய்யக் கிணற்று மோட்டர் தினமும் ஓடும். குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கியிருக்கும் மழைநீரைத்தான் நாம் அள்ளுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும், நல்ல தண்ணீர்க் கிணறு உவராகும். பிறகு அந்த வீட்டுக்காரர் மட்டுமல்ல, வேலிக்கு அடுத்த பக்கத்தவரும் தண்ணீர் பவுசருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டதே, அது குடிக்கும் தண்ணீருக்காக. ஒழுகும் தடாகங்களை நிரப்ப அல்ல.

வடிகட்டியைக் கழுவிவிடும் குளோரின் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் பார்க்க வேண்டியதே. பல இடங்களில் அது வளவுக்குள் ஒரு குழியில் முடிகிறது. எங்கள் நிலத்தில் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருப்பது ஓட்டையும் வெடிப்பும் நிறைந்த கல். சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 இல் உயர் நீதிமன்றம் அந்தக் கம்பனியை இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி பணித்தது. தடாகத்தை அதற்கு ஒப்பிட முடியாதுதான். ஆயினும் நிலத்துக்குக் கீழே எல்லாம் ஒரே தண்ணீர் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

இனி உபகரணங்கள். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு வடிகட்டி மணலைக் கட்டியாக்கும், குழாய்களைச் சுருக்கும். வடிகட்டியின் மேலிருக்கும் அழுத்தமானியைப் பார்த்தால் இது தெரியும். மோட்டரை நிறுத்திய பிறகும் முள் அசையாமல் நின்றால் அந்த மானியே செத்துவிட்டது. நண்பர் பார்த்த வீட்டில் முள் அப்படித்தான் நின்றது. எத்தனை மாதமாக நின்றதோ, ஒருவரும் கவனிக்கவில்லை.

பணத்தோடு நிற்கும் குறைகள் இவை. உயிரோடு சம்பந்தப்பட்டவை வேறு. தடாகத்தின் அடியில் தண்ணீரை இழுக்கும் துவாரத்துக்கு ஒரு மூடி இருக்கும். அது உடைந்தோ கழன்றோ இருந்தால், மோட்டரின் இழுவை ஒரு பிள்ளையை அடியோடு பிடித்து வைத்துக்கொள்ளும். 2002 இல் அமெரிக்காவில் முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி வேர்ஜினியா கிரேம் பேக்கர், சுடுநீர்த் தொட்டியொன்றில் அப்படித்தான் இறந்தாள். அவளது பெயரிலேயே 2007 இல் அங்கு சட்டம் வந்தது. இழுவைத் துவாரம் ஒன்றே ஒன்று என்றிராமல், இடைவெளி விட்டு இரண்டு இருப்பது நல்லது. ஒன்று அடைபட்டால் மற்றது இழுக்கும். மின்சாரமும் அப்படியே. தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு, மோட்டரின் எர்த், 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் ஆகிய மூன்றையும் தகுதியுள்ளவர் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். சுவிட்சில் உள்ள பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். எர்த் சரியா என்பதை அது சொல்லாது.

எங்கள் ஊரார் குடியேறிய நாடுகளில் இதற்குச் சட்டமே உண்டு. பிரான்ஸில் 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தில் பதித்த தனியார் தடாகங்களுக்கு வேலி, மூடி, அலாரம் போன்ற ஏதாவதொரு பாதுகாப்பு வேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2016 ஏப்ரல் முதல் தடாகமுள்ள வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ பரிசோதனைச் சான்றிதழ் தேவைப்படுகிறது. விக்டோரியாவில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை தடுப்புவேலியைப் பரிசோதிக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சட்டங்கள் பிரதானமாகப் பார்ப்பது பிள்ளை உள்ளே போகாமல் தடுக்கும் வேலியைத்தான். மோட்டரும் குழாயும் ஒழுக்கும் அங்கேயும் வாங்குபவரின் பாடு. ஆகவே அரசாங்கம் சட்டம் கொண்டுவரட்டும் என்று நாம் காத்திருப்பதில் பயனில்லை. சிட்னியில் சான்றிதழ் இல்லாமல் வீட்டை விற்க முடியாத ஒருவர் இங்கே வந்து வேலியே இல்லாத தடாகம் கட்டுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

பரிசோதனை என்று வந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்று எமது வியாபாரிகள் சிலர் பயப்படுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மோட்டரோ வால்வோ வாங்கியவர் ஒரு மாதத்தில் திரும்பி வந்து சண்டை பிடிப்பது பெரும்பாலும் பழுது வேறெங்கோ இருப்பதால்தான். பழுது இன்ன இடத்தில் என்று எழுத்தில் இருந்தால் சாமான் சரியாகப் போகும், திரும்பி வராது. குறையைச் சொல்லி விற்பதும் எமக்குப் புதிதல்லவே. இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறோம் என்று ஒரு கடை சொன்னால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அதன் கூலி பெரும்பாலும் புது மோட்டரின் பில்லில் இருக்கும்.

குளோரின் தூளும் அசிட்டும் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டையும் ஒரே தட்டில் அடுக்க வேண்டாம். ஒன்றில் மற்றது சிந்தினால் எழும் வாயு நெஞ்சை அடைக்கும். வெவ்வேறு வகைக் குளோரின்களையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம், தீப்பிடிக்கும். நண்பர் பார்த்த வீட்டின் மோட்டர் அறையில் அசிட் போத்தல் குளோரின் வாளிக்கு மேலேயே இருந்தது.

தடாகம் எமக்குப் புதிதாக இருக்கலாம், தேங்கிய நீரைப் பராமரிப்பது புதிதல்ல. பள்ளிவாசல் ஹவ்ழின் நீர் மட்டம் ஒரு விரல் இறங்கினாலும் கண்டுபிடித்துவிடும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கவனத்தை எழுத்தில் கொண்டுவருவதுதான் பாக்கி. படித்துவிட்டு வேலை தேடும் எமது இளைஞர்களில் நீர்க்குழாய் வேலையும் மின்வேலையும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சாமான் விற்காமல், அறிக்கை மட்டும் எழுதிக் கொடுப்பவராக ஒருவர் தொடங்கினால் அவருக்கு நானே ஆள் பிடித்துக் கொடுப்பேன். விருந்தினர் விடுதிகள், வீடு வாங்குவோர், வெளிநாட்டிலிருந்து வீட்டை விற்க நினைப்போர் என்று மூன்று பக்கத்திலிருந்தும் வேலை வரும்.

நண்பரின் கதை இன்னும் முடியவில்லை. வாளிப் பரிசோதனையில் ஒழுக்கு உறுதியானது. துவார மூடியில் வெடிப்பு, எர்த் கம்பி கழன்றிருந்தது. பொறியியலாளரின் கூலியும் பயணச் செலவும் ஒரு புது மோட்டரின் விலையில் பாதி கூட இல்லை. அறிக்கையைக் காட்டியதும் வீட்டுக்காரர் விலையைக் குறைக்க முன்வந்தார். தரகருக்குத்தான் கோபம். மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது தடாகத்தை வெறுமையாக்கினால் கீழிருந்து வரும் அழுத்தத்தில் தொட்டி மேலே தூக்கப்படலாம், வெடிக்கலாம் என்று பொறியியலாளர் எச்சரித்திருப்பதால் திருத்த வேலை கோடைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதுவரையில் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். அந்த முடிவு வந்த பிறகே முற்பணம் கொடுப்பாராம்.