ஊமைக் கீபோர்டும் பொய்ச் சத்தமும்

ரொம்ப நாளா மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டு இருக்கற விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன்.

என் லேப்டாப்ல பக்கிள்ஸ்பிரிங்னு ஒரு நிரல் ஓடுது. கீயை அழுத்தும்போதும் விடும்போதும், 1980-கள்ல வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டோட சத்தத்தை எழுப்பும். ஒவ்வொரு கீக்கும் தனித்தனியா பதிவு பண்ணியிருக்காங்க. இடது பக்கக் கீன்னா சத்தமும் இடது பக்கமாக் கேட்கும். கூடப் பொட்டி தட்டற நண்பர் ஒருத்தர் இதைப் பாத்துட்டு, "பம்மாத்துங்க இது, பொய்ச் சத்தம்"னு சிரிச்சார்.

பொய்ச் சத்தமா? சரி, பேசிரலாம் வாங்க.

முதல்ல சரித்திரம். டெக் நிறுவனம் 1978-ல விட்ட விடி100 டெர்மினல்ல கீ சத்தம் ஸ்பீக்கர்ல இருந்துதான் வந்துச்சு. ஐபிஎம் 3278 டெர்மினலோட கீபோர்டுல, தட்டற சத்தத்துக்குன்னே ஒரு சாலினாய்டு வெச்சிருந்தாங்க. அந்த எலக்ட்ரானிக்ஸுக்கு சத்தம் தேவையே இல்ல. டைப்ரைட்டர்ல பழகின காதுக்குத் தேவைப்பட்டுச்சு. இந்தப் 'பொய்'க்கு நம்மளை விட வயசு ஜாஸ்தி.

ரெண்டாவது, எதுங்க பொய்? மெக்கானிக்கல் கீபோர்டோட ஒயரைப் புடுங்கிட்டு அடிச்சுப் பாருங்க. டக்கு டக்குனு சத்தம் வரும், திரையில ஒரு எழுத்து விழாது. மென்பொருள் சத்தம், நீங்க அழுத்தினது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வரைக்கும் வந்து சேர்ந்தாத்தான் வரும். இப்பச் சொல்லுங்க, எது பொய்?

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டறவங்களைக் கேளுங்க, காது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுவாங்க. சத்தமே இல்லாத எலக்ட்ரிக் காருக்கு, நடந்து போறவங்களுக்காக செயற்கைச் சத்தம் வேணும்னு ஐரோப்பாவுல 2019 ஜூலையில இருந்து புது மாடல்களுக்குக் கட்டாயம் ஆக்கிட்டாங்க. அதை யாரும் பம்மாத்துன்னு சொல்லலியே!

எங்கம்மா அந்தக் காலத்துல கோபியில டைப்ரைட்டிங் படிச்சு லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணினவங்க. கண்ணு தாள்ல, விரல் கீயில, காது மெஷின்ல. அதுதான் பழக்கம். இப்ப பத்திரம் டைப் அடிச்சுக் கொடுக்கறதுக்காக என் லேப்டாப்பைக் கொடுத்தேன். பக்கத்துக்கு நாலஞ்சு எழுத்து விட்டுப் போச்சு. "ஏங்கண்ணு, விழுந்துச்சா விழலியான்னே தெரியல. எனக்கு வயசாயிருச்சாட்ட இருக்குது"ன்னு மூடி வெச்சுட்டாங்க.

முப்பது வருஷம் டைப் அடிச்ச பொம்பளை சொன்ன வார்த்தைங்க அது. அன்னிக்கு ராத்திரியே இந்த நிரலைப் போட்டுக் கொடுத்தேன். எழுத்து விடறது அடியோட நிக்கல. ஆனா விட்ட எடத்துலயே கை நிக்குது, திரும்ப அடிக்கறாங்க. அம்மாவுக்கு வயசானது இல்லீங்க கோளாறு. ஒல்லியா, அழகான்னு கீபோர்டை ஊமையாக்கினதுதான் கோளாறு.

ஒண்ணு ஒத்துக்கறேன். பக்கத்து சீட்டுக்காரர் காதும் காதுதான். ஆபீஸ்ல ஹெட்போன் மாட்டிக்கங்க, அதுவும் ஒயர் வெச்சது. ப்ளூடூத்ல சத்தம் பிந்தி வந்து விரலைக் குழப்பிரும்.

டிஸ்கி: இந்த மாதிரி நிரல் எதுவா இருந்தாலும் நீங்க அடிக்கற எல்லாக் கீயையும் கவனிச்சாத்தான் சத்தம் போட முடியும். பாஸ்வேர்டும் அதுல சேர்த்தி. அதனால மூலநிரல் திறந்து இருக்கறதை மட்டும் போடுங்க. கண்ட எடத்துல கெடைக்கற ஓசி நிரலை எறக்கிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க :-)