நெறி மயங்கினால் என் செய்வது?

தனியே மலையேறுவோர் வழிகாட்டும் மின்கருவியும் ஆபத்தில் உதவும் கருவியும் கொண்டு செல்லல் வேண்டுமா என்னும் வினா எம் பகுதிக்கும் உரியதாகிவிட்டது. ருவான்வெல்லையைக் கடந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கலைப் பக்கமாகவும், இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலை வழியே சிவனொளிபாதமலைக்கும் முதுகில் மூட்டை சுமந்து தனித்து நடப்போர் உளர். நம் இளைஞரும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளத் தொடங்கியுள்ளனர். கருவி காட்டின் இன்பத்தைக் கெடுக்கும் என்பார் ஒரு சாரார்; கருவியின்றிப் போதல் மடமை என்பார் மறு சாரார். இரு சாராரும் வெவ்வேறான இரண்டு கருவிகளை ஒன்றென மயங்குகின்றனர்.

ஜீபிஎஸ் என்பது செய்மதிகளின் சமிக்ஞையைப் பெற்று, நிற்குமிடத்தை உடையவனுக்கு மாத்திரம் உணர்த்துவது. ஆபத்துச் சமிக்ஞைக் கருவியோ அவன் இருக்குமிடத்தைப் பிறருக்கு அறிவிப்பது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகியன 1979இல் கூடித் தொடங்கிய கோஸ்பாஸ்-சர்சாட் ஏற்பாட்டின்படி அது 406 மெகாஹேர்ட்ஸ் அலையில் செய்மதிக்குச் செய்தி விடுக்கும். தொலைபேசிக் கோபுரம் எட்டாத இடத்திலும், வானம் தெரியுமாயின் அது பயன்படும்.

இவ்வேறுபாடு மலைபடுகடாத்திலேயே உண்டு. நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் பன்றிக்கு வைத்த பொறியையும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லையும், வழுக்கும் நிலத்தையும் முன்கூட்டியே சொல்லி எச்சரிக்கின்றார். (583 அடிகளையும் பரீட்சைக்கென நெட்டுருச் செய்யும் மாணவர் இப்பகுதியைத்தான் முதலில் மறக்கின்றனர்!) அவர் அவ்வளவில் அமைந்தாரல்லர். குறவரும் மயங்கும் குன்றத்தில் திசை தவறினால், மேலும் நடவாது அகன்ற பாறையில் ஒருங்கு கூடி இசைக்கருவிகளை இயக்குக என்கின்றார். காடு காக்கும் கானவர், ஆற்றில் வீழ்ந்தோரை மீட்க ஓடுவார்போல விரைந்து வந்து வழி காட்டுவராம். மலையில் வழி தவறியோர்க்கு இன்று கூறப்படும் அறிவுரையும் இதுவே.

கூத்தர் கூட்டமாய்ச் சென்றனர். பறையும் யாழும் உடன் இருந்தன. தனித்துச் செல்வோனுக்கு அவை ஏது? 2023 ஜூலையில் அலகல்லை மலைக்குத் தனியே சென்ற வெளிநாட்டுப் பெண்ணொருவர், நாட்கள் சில தேடிய பின்னர் உயிரற்றவராகவே கண்டெடுக்கப்பட்டார். கருவி அவரைக் காத்திருக்குமோ என்பதை எவரும் சொல்லவியலாது. ஆயினும், எந்தச் சரிவில் தேடுவது என்றறியாது மலை முழுவதும் அலையும் பொலிசாரும் ஊரவரும் தம் காலும் வழுக்கக்கூடியதே என்பதை அறிந்தே ஏறுகின்றனர்.

ஆதலின் வழிகாட்டும் கருவி அவரவர் விருப்பம் என்பேன். படத்திலுள்ள பாதை மண்ணில் இல்லாமலும் போகலாம். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை இம்மாவட்டத்தார் மறந்திலர். கொழுந்து பறிக்கும் அம்மாவைக் கேட்டால் நேற்றைய மழையில் எந்த ஒற்றையடிப் பாதை போயிற்று என்று சொல்லிவிடுவார். ஆபத்துச் சமிக்ஞைக் கருவியோ விருப்பத்துக்கு விடத்தக்கதன்று. அஃதில்லாதவன் தன் துணிவின் விலையைப் பிறர் தலையில் ஏற்றுகின்றான்.

விலை மிகுதி என்பர், உண்மையே. தோட்டத்து இளைஞனை அதனை வாங்கச் சொல்வது நகைப்புக்கிடம். வெளிநாட்டாரைத் தங்கவைத்து மலைக்கு அனுப்பும் விடுதிகள் வாடகைக்கேனும் கொடுக்கலாமே! ஏனையோர் ஊதுகுழலும் கைவிளக்கும் எடுத்து, தொலைபேசியின் மின்கலத்தைப் படம் பிடித்தே தீர்த்துவிடாது, 119, 1990 என்னும் இலக்கங்களுக்கென மிச்சம் வைப்பாராக. கடைசி லயத்திலே பெயரும், போகும் வழியும், திரும்பும் நேரமும் சொல்லிச் செல்வாராக. அந்நேரம் கடந்தால் விளக்கெடுத்துப் புறப்படுவோர் அந்த லயத்தவரே.