போரைப் பற்றிய தீர்ப்பு நெஞ்சினதா, அறிவினதா?

போர் வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் தத்தம் கொள்கையை அறிவின் முடிபென்றே கூறுவர். உணர்ச்சிவயப்பட்டோர் எப்போதும் எதிர்க்கட்சியினரே! இதன் உண்மையை ஆராய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமது துறைமுகமே போதிய சான்றாகும்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாட் காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைமீது குண்டு பொழிந்தன. துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்குண்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்க, ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதுவரை போர் என்பது பெரும்பாலும் பத்திரிகைச் செய்தி. துறைமுகத்திலே தொழில் பெருகுதற்கு ஓர் ஏது. அன்று முதல் அது அச்சமாயிற்று. பலர் ஊரைவிட்டு அகன்றனர். ஆயிரம் நூல்கள் செய்யாததை ஒரு காலைப்பொழுது செய்தது.

ஆயின் அச்சம் நல்லாசிரியன் அன்று. குண்டுக்கு அஞ்சியவன் சிலவேளை பீரங்கியே வேண்டா என்பான். சிலவேளை அதனினும் பெரிய பீரங்கி வேண்டும் என்பான். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டது. தளம் இருந்தமையாற் காக்கப்பட்டோம் என வாதிக்கலாம். தளம் இருந்தமையாலேயே தாக்கப்பட்டோம் எனவும் வாதிக்கலாம். நிகழ்ச்சி ஒன்று, முடிபு இரண்டு. தளத்திலே ஊதியம் பெற்றவன் முன்னதையும், அந்நியராட்சியை வெறுத்தவன் பின்னதையும் நாடுதல் இயல்பு. நெஞ்சம் தீர்ப்பை எழுதியபின் அதற்கு நியாயம் தேடும் வழக்கறிஞனாகவே அறிவு பெரிதும் வேலை செய்கின்றது.

முதலாம் உலகப் போரை எதிர்த்துச் சிறைசென்ற பேர்ட்ரண்ட் ரசல் என்னும் அறிஞரும், கணக்கிட்ட நோக்கத்தினும் உள்ளத்து உந்துதலே மனிதரை மிகுதியாக ஆள்கின்றது என்று 1916இல் எழுதினார். எனினும் அவரே, நாசிகளின் கொடுமையைச் சீர்தூக்கி, இரண்டாம் உலகப் போரை ஆதரித்தார். ஆதலின் அறிவு முற்றும் ஆற்றலற்றது என்றல் பொருந்தாது.

அறிவின் உண்மைப் பணி யாது? நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தபோது கோவூர்கிழார் செய்ததனை நோக்குக. அப்புலவர் படைவலியைக் கணக்கிட்டுக் காட்டவில்லை; சாவைக் கூறி அச்சுறுத்தவுமில்லை. முற்றியவனும் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியும் சூடியது சோழர்க்குரிய ஆத்தியே என்பதைக் காட்டி, எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்றார். உணர்ச்சியை அவர் அழிக்கவில்லை. அதன் எல்லையை விரித்தார். எதிரி எனக் கண்ட கண்ணுக்கு உறவினனைக் காட்டுதலே அறிவின் பணியாகும்.

சாம்பல்தீவை நோக்கிச் செல்லும் நிலாவெளி வீதியருகே இரண்டாம் உலகப் போரில் மாண்ட வீரர்களின் மயானம் உளது. அங்கே அதிகாரிக்கும் கடைநிலைப் படைஞனுக்கும் ஒரே வகைக் கல்லே நாட்டப்பட்டுள்ளது. இறந்தோரை ஒப்ப மதித்தல் எனும் அந்நெறி உயிரோடிருப்போர்க்கே மிகவும் வேண்டுவது. 1983 தொடக்கம் 2009 வரை இந்நாட்டை அலைத்த போரிலே மக்கள் தம்மவரைப் பெயர் சொல்லி அழுதனர். மற்றையோரை எண்ணிக்கையாகவே வாசித்தனர். பெயருக்கு உருகும் நெஞ்சம் எண்ணுக்கு உருகுவதில்லை. அவ்வெண்ணின் பின்னும் பெயர்கள் உள என்று உணர்த்துதற்கே கல்வி வேண்டும்.

ஆகவே, நம் கல்லூரி மாணவர்க்கு உணர்ச்சியைத் துறக்குமாறு நாம் கூறோம். கொடுமை கண்டு கொதியாதவன் நடுவுநிலையாளன் அல்லன், கல்லே ஆவான். விவாத மேடையில் ஏறுமுன் ஒரு வினாவை மட்டும் தமக்குத்தாமே விடுத்துப் பார்ப்பாராக: நாம் போற்றும் இச்செயலைப் பகைவர் நமக்குச் செய்திருப்பின், அதனையும் இதே சொல்லால் அழைப்போமா? ஆம் என்று கூற இயலாதபோது, பேசுவது நம் அறிவன்று என்பதை அறிதல் வேண்டும்.