தருமமா? கூலியா?

ஏழை வாலிபர்களுக்குத் தானம் கொடுப்பதைவிட வேலை கொடுப்பதே மேல் என்கின்றவர்களோடு நமக்குச் சண்டை கிடையாது. கையேந்தி நிற்பவன் உழைத்து உண்ணுவதை யார்தான் வேண்டாமென்பார்கள்? ஆனால் கொடுத்த வேலைக்குத் தருமம் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைக் காட்டியே கூலியைக் குறைக்க ஆரம்பித்தால் அங்கேதான் நாம் குறுக்கே வரவேண்டியிருக்கின்றது.

கென்யா தேசத்துச் சங்கதியைப் பாருங்கள். 2008-ம் வருஷத்தில் லைலா ஜனா என்கின்ற அம்மையார் அமெரிக்காவில் சாமாசோர்ஸ் என்று ஒரு ஸ்தாபனம் ஆரம்பித்தார். பெரிய கம்பெனிகளிடம் கம்ப்யூட்டர் வேலையை வாங்கி, இன்டர்நெட் மூலமாய் ஏழை நாட்டு வாலிபர்களைக் கொண்டு செய்விப்பது அதன் நோக்கம். நைரோபியில் கிபேரா என்னும் குடிசைப் பகுதியிலிருந்து வந்த பிள்ளைகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தெருப் படங்களில் இது மனிதன், இது வண்டி, இது மரம் என்று கோடு போட்டுக் குறிப்பார்கள். அதைக் கொண்டுதான் டிரைவர் இல்லாமல் ஓடும் காருக்குக் கண் உண்டாக்குகின்றார்கள். நாளொன்றுக்கு 2 டாலர் சம்பாதித்தவர்களுக்கு இதனால் சுமார் 9 டாலர் கிடைத்தது. அந்த மட்டில் நன்மையே. அதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் 2018-ல் பி.பி.சி.யார் இக்கூலியைப்பற்றிக் கேட்டபோது அம்மையார் சொன்ன சமாதானம் என்ன? ரொம்பவும் அதிகமாகக் கொடுத்தால் அவ்விடத்துக் கூலி நிலைமையே தாறுமாறாகிவிடும், வீட்டுச் செலவும் சாப்பாட்டுச் செலவும் ஏறிவிடும் என்றார்!

தோழர்களே! இந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட ஞாபகம் வரவில்லையா? பண்ணையாளுக்கு ஒரு படி நெல் கூடக் கொடுத்தால் ஊர் கெட்டுப்போகும் என்று மிராசுதாரர் சொன்னது இதுதானே! கம்ப்யூட்டர் கம்பெனிச் சம்பளத்தால் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் வாடகை ஏறி ஏழைகள் வெளியேற நேரிட்டதே, அதற்காக எந்த இன்ஜினியர் சம்பளத்தையாவது குறைத்தார்களா? ஊர் கெடுமென்ற கவலை கூலிக்காரன் விஷயத்தில் மாத்திரம் ஏன் வரவேண்டும் என்று கேட்கின்றோம்.

அம்மையார் 2020-ல் காலமானார். சாமா என்று பெயர் மாறிய அந்த ஸ்தாபனம் 2021 கடைசியில் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனிக்காக ஒரு வேலையை ஒப்புக்கொண்டது. கொலை, சித்திரவதை, குழந்தைகளைக் கெடுத்தல் ஆகியவைகளை வர்ணிக்கும் எழுத்துக்களை உட்கார்ந்து படித்துத் தரம் பிரிக்க வேண்டும். சாட்ஜிபிடி அப்படிப் பேசாமலிருக்கப் பழக்குவதற்காம்! ஒப்பந்த விலை மணிக்கு 12.50 டாலர். தொழிலாளி கைக்கு வந்தது 1.32 முதல் 2 டாலர் வரை என்று 2023 ஜனவரியில் டைம் பத்திரிகை வெளியிட்டது. கம்பெனியாரோ, இல்லை, 1.46 முதல் 3.74 வரை கிடைக்கும், மற்றது கட்டிடம், மேற்பார்வை முதலிய செலவு என்றார்கள். அவர்கள் கணக்கையே ஒப்புக்கொண்டாலும், மனதைக் கெடுக்கும் வேலைக்கு மூன்றில் ஒரு பங்குகூட உழைத்தவனுக்கு வரவில்லையே!

2023 மே முதல் தேதி, இம்மாதிரி வேலை செய்தவர்களில் 150 பேருக்குமேல் நைரோபியில் கூடிச் சங்கம் அமைக்கத் தீர்மானித்தார்கள். சரியான காரியம்.

நமது சிற்றூர்களுக்கும் இவ்வேலை வந்துவிட்டது. போகவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள், பெண்பிள்ளைகள் முக்கியமாக, போகவேண்டும். ஆனால் போகும்போதே, எங்கள் வேலையை நீங்கள் என்ன விலைக்கு விற்கின்றீர்கள், சரியில்லையென்று தள்ளிய வேலைக்கும் கூலி உண்டா, சங்கம் சேரலாமா என்று கேட்கட்டும். உங்களுக்கு வாழ்வு கொடுத்தோமே, நன்றியில்லையா என்று பதில் வந்தால், அங்கே கூலி குறைவு என்று தெரிந்துகொள்ளலாம்.